வால்வு ஆறும்வரை

ஆண்கள் கழிப்பறையில் கிட்டார்க்காரர் தன் ஆம்ப்பை, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் அந்தக் கனத்த பெட்டியை, மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கி வைத்தார். தரையெல்லாம் ஈரம். அது தண்ணீர்தானா என்று குனிந்து பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வெளியே போய் நாலு அட்டையைப் பொறுக்கிவந்து பெட்டிக்கு அடியில் போட்டார்.

இந்த அருமையான யோசனை மச்சினனுடையது. மனைவியின் தம்பி, குழுவின் பாடகனும் அவன்தான், முதலாளியும் அவன்தான்.

"அத்தான், உங்க பெட்டி மேடையில இருந்தா என் குரல் எனக்கே கேக்க மாட்டேங்குது. பாத்ரூம்ல வச்சிட்டு முன்னாடி ஒரு மைக்கை நிறுத்திடுங்க. சத்தம் ஸ்பீக்கர்ல வந்துடும். பெரிய குழுவெல்லாம் இப்படித்தான் பண்றாங்களாம்."

வேறு நாளாயிருந்தால் போடா என்றிருப்பார். ஆனால், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும் சின்னப் பெட்டி வைத்திருக்கிற ஆளை மச்சினன் தேடுகிறான் என்று ஒரு மாதமாகவே காதில் விழுந்துகொண்டிருந்தது. இந்த இடமும் போனால், முப்பது கிலோ வால்வு ஆம்ப்போடு வரும் நாற்பத்தெட்டு வயதுக்காரரை வேறு எந்தக் குழு சேர்த்துக்கொள்ளும்? வாயை மூடிக்கொண்டு உருட்டிப்போனார். பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. பன்னிரண்டு வருஷத்தில் அடுத்த பக்கத்தை ஒருவனும் தொட்டதில்லை. தூக்கும் நேரம் வந்தால் போதும், எல்லோருக்கும் முதுகு பிடித்துக்கொள்ளும்.

"வால்யூம் ரெண்டைத் தாண்டக் கூடாது" என்று மச்சினன் இன்னொரு கட்டளையும் போட்டான். கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சிவந்து, ஐந்தாறில் வைத்தால்தான் அந்த ஆம்ப் வாயைத் திறந்து பாடும். இரண்டில் வைத்தால் வெறும் முனகல். அந்த முனகலை மண்டபத்துக்குக் கொண்டுவர, சவுண்ட்காரர் மைக்கைக் கடைசிவரை ஏற்ற வேண்டியதாயிற்று.

"இனி அங்க கொசு பறந்தாலும் இங்க கேக்கும் சார்" என்றார் அவர்.

ஒரு கம்பெனியின் ஆண்டு விழா அது. முதல் பாதி எப்படியோ ஒப்பேறியது. சாயங்காலம் நாலு மணிக்கு இடைவேளை விட்டதும் சவுண்ட்காரர் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு டீக்குப் போனார். கிட்டார்க்காரர் மேடையில் உட்கார்ந்து கம்பிகளுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். கால்சட்டை விளிம்பில் அந்த நாற்றம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மூன்றாவது வரிசையில் அவர் மனைவி தேநீர்க் கோப்பையோடு இருந்தாள்.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு கதவு கிறீச்சிட்டது. அடுத்து சொர்ரென்று ஒரு சத்தம், நீளமாக, நிதானமாக. மண்டபமே நிமிர்ந்து பார்த்தது. ஒருவர் கடித்த பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். கூடவே ஒரு முனகல்; முதல் பாட்டுக்கு முன்னால் மச்சினன் தொண்டையைச் சரிசெய்துகொண்ட அதே ராகம். யாரென்று தெரியாமல் போக வழியே இல்லை.

கிட்டார்க்காரரின் கை தானாகக் கம்பிக்குப் போயிற்று. ஒரு தட்டுத் தட்டினால் அவன் முகத்துக்கு எதிரிலேயே ஆம்ப் சத்தம் கொடுக்கும், உஷாராகிவிடுவான், மானம் தப்பிக்கும். அவன் சுருதி தப்பிய இடத்திலெல்லாம் இப்படித்தான் வாசித்து மூடி மறைத்துப் பழக்கம். அதற்குள் பேச்சு வந்தது. யாருடனோ போனில் பேசினான்.

"தம்பி, அடுத்த வாரத்துலேருந்து நீயே வந்துடு... அந்த ஆளா? அக்கா மூஞ்சிக்காகத்தான் இத்தனை நாள் சகிச்சுக்கிட்டேன். கக்கூஸ்ல வைங்கன்னு சொன்னாலாவது ரோஷம் வந்து கிளம்பிடுவாருன்னு பாத்தேன். இங்கேயும் அட்டை போட்டு வச்சிருக்காரு, வெக்கம் கெட்ட மனுஷன்... அக்காவா? அதுக்கென்ன, நான் எதைச் சொன்னாலும் தலையாட்டும்."

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. குழாய் திறக்கும் சத்தம் மட்டும் கடைசிவரை கேட்கவே இல்லை.

மச்சினன் பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தான். நேரே கம்பெனி மேனேஜரிடம் போய்க் கையை நீட்டினான். மேனேஜர் இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டார். பின்வரிசையில் குபீரென்று சிரிப்பு. ஒன்றும் விளங்காமல் மேடையேறி வந்தவன், அதே கையை அத்தான் தோளில் போட்டான்.

"என்ன அத்தான், எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க?"

அவர் அந்தக் கையை இரண்டு விரலால் எடுத்து அப்பால் விட்டார்.

"நீ வைக்கச் சொன்ன மைக்கு, மச்சான். இன்னும் ஆன்லதான் இருக்கு."

கழிப்பறைக்குப் போய் ஆம்ப்பை அணைத்தார். சூடாக இருக்கும்போது அசைத்தால் வால்வுக்குள் இருக்கும் மெல்லிய கம்பி அறுந்துவிடும். பத்து நிமிஷமாவது ஆற வேண்டும். அதுவரை அந்த நாற்றத்தில்தான் நின்றாக வேண்டும். மச்சினன் பேசியதை நினைத்தால் அருவருப்பாக இருந்தது. ஆனால் ஊறி உப்பிக் கிடந்த அந்த அட்டைகளைப் பார்த்தபோது, அவனைவிடத் தன்மேல்தான் அதிகம் அருவருப்பு வந்தது. பன்னிரண்டு வருஷமும் அட்டை போட்டு அட்டை போட்டே ஓட்டியிருக்கிறார்.

மச்சினன் வாசலில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"அத்தான், ஏதோ வாய் தவறி... இன்னும் பாதி நிகழ்ச்சி இருக்கு. பெட்டியை மேடைக்கே கொண்டாங்க. அஞ்சுல வேணும்னாலும் வச்சுக்குங்க."

"முதல்ல கையைக் கழுவு" என்றார் அவர்.

கழுவினான். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். தம்பியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ஏங்க, ஆறிடுச்சா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம்."

இரண்டு நிமிஷமும் அங்கேயே நின்றாள். பிறகு குனிந்து ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தாள். மச்சினன் ஈரக் கையோடு ஓடிவந்தான்.

"விடுக்கா, நான் பிடிக்கிறேன்."

"கழுவினாலும் வேண்டாம்டா" என்றாள் அக்கா. "கையை எடு."