விடுமுறையில் வந்திருக்கும் மகன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெயிலாகித் திரும்பவில்லை. எடுத்த எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க். பெயிலாகியிருந்தால் எவ்வளவோ லேசு. “போச்சு, முடியல” என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். பாஸாகிவிட்டு, இனிமேல் ஒரு நாள்கூட அங்கே இருக்க என்னால் ஆகாது என்று சொன்னால் எவன் நம்புவான்?

1984 டிசம்பர். அமெரிக்காவில் என் முதல் செமஸ்டர் முடிந்தது. கடைசிப் பரீட்சையை எழுதி, ரூமைக் காலி செய்து, சாவியை விடுதி ஆபீசில் கொடுத்தேன். அங்கிருந்த பெண், “ஜனவரியில் பார்க்கலாம்” என்று சிரித்தாள். நானும் தலையை ஆட்டி வைத்தேன். அங்கே யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லாரும் நல்லவர்கள். பின்னால் வருகிறவனுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். லேபிலிருந்து வந்து, குக்கரில் ஒரு பிடி அரிசி போட்டு, நின்றுகொண்டே தின்றுவிட்டு, படுத்தால் தூக்கம் வராது. காரணம் கேட்டால் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நியாயம் பேச?

கொல்லம் மெயில் சங்கரன்கோவிலில் நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பா குடையோடு நின்றார். தமிழாசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். தேவதாசன் வாத்தியார் என்றால் ஊருக்கே தெரியும். நான் அமெரிக்கா போவதையும் அவர் ஊருக்கே தெரியவைத்திருந்தார்.

“மெலிஞ்சிட்டியேலே. எத்தன நாள் லீவு?”

“ஒரு மாசம்ப்பா.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அங்கேயே, அந்தத் தூறலிலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் என் பெட்டியைத் தன் தலையில் வைக்காத குறையாகத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த நடையைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது?

தெருமுனையில் பலசரக்குக் கடை சங்கரசுப்பு அண்ணாச்சி மறித்தார். “என்ன தம்பி, இப்பத்தான போன மாதிரி இருக்கு. அமெரிக்காவ மூடிட்டானுவளா?”

“செமஸ்டர் முடிஞ்சிட்டு அண்ணாச்சி.”

“அப்போ திரும்ப எப்பம்?”

வந்து இறங்கியவனிடம் எப்போது போவாய் என்று கேட்கும் ஊர் இது. வீட்டுக்குப் போவதற்குள் இன்னும் மூன்று பேர் அதையே கேட்டார்கள். எரிச்சலாக வந்தது. ஆனால் எரிந்து விழக்கூட உடம்பில் தெம்பில்லை.

அது சனிக்கிழமை. பகல் முழுக்கத் தூங்கினேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா ஒரு காகிதத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். எங்கள் சபையில் நல்லது எது நடந்தாலும் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்போம். அதற்கான சீட்டைப் போதகர் ஆராதனையில் சத்தமாக வாசிப்பார். அப்பா அதை எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“கேளு. ‘அமெரிக்காவில் முதல் செமஸ்டரைச் சிறப்பாக முடித்து, விடுமுறையில் வந்திருக்கும் மகன் பவுல்பாண்டியனுக்காகத் தேவதாசன் குடும்பத்தார்.’ எப்படி?”

“நல்லாருக்குப்பா.”

“‘வந்திருக்கும்’னு போட்டிருக்கேன், பாத்தியா? ‘வந்து சேர்ந்த’ன்னு போட்டா வந்ததோட சரின்னு ஆயிரும். ‘வந்திருக்கும்’னு சொன்னாத்தான் திரும்பிப் போவான்னு கேக்கிறவனுக்கு வெளங்கும்.”

சீட்டை அழகாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இப்போது சொல், இப்போது சொல் என்று மனம் அடித்துக்கொண்டது. நாளைக்குச் சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும். அதற்குப் பிறகு இந்தப் பொய்யை விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா பெட்டியைப் பிரித்தாள். சட்டைகள், கம்பளிக் கோட்டு, அடியில் போர்வைக்குள் சுற்றியபடி குக்கர். நான் புறப்படும்போது அவள் வாங்கித் தந்தது. லீவுக்கு வருகிறவன் நாலு சட்டை கொண்டு வருவான், சாக்லேட் கொண்டு வருவான். குக்கரைத் தூக்கிக்கொண்டு வருவானா? ரூமைக் காலி செய்த அசதியில் எனக்கு இது உறைக்கவே இல்லை.

“இத எதுக்கு மக்கா சொமந்துட்டு வந்தே?”

“அங்கன வச்சா களவு போயிரும்மா.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். “சரிய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு, குக்கரை எடுத்துப்போய்ப் புளி போட்டுத் தேய்த்தாள்.

காலையில் விசில் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். எங்கள் வீட்டில் அதுவரை கேட்காத சத்தம். வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா அடுப்படிக்குப் போனார்.

“என்ன ஞானபாய் அது?”

“குக்கரு. பாண்டி கொண்டாந்துட்டான்.”

“கொண்டாந்துட்டானா?”

“ஆமா. இனி இங்கன கெடக்கட்டும்.”

நான் போர்வைக்குள் மூச்சுக்கூட விடாமல் கிடந்தேன். அப்பா ஏதாவது கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. வேட்டி மாற்றிக்கொண்டு, “கோயிலுக்கு நேரமாச்சு, கெளம்பு” என்றார். வழியெல்லாம் எனக்கு முன்னாலேயே நடந்தார்.

அறிவிப்பு நேரம் வந்ததும் போதகர் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். யாருக்கோ பிள்ளை பிறந்திருந்தது. யாருக்கோ காய்ச்சல் நீங்கியிருந்தது. பிறகு எங்கள் சீட்டு.

“தூர தேசத்திலிருந்து சுகமாக வீடு வந்து சேர்ந்த மகன் பவுல்பாண்டியனுக்காகத் தேவதாசன் குடும்பத்தார்.”

அவ்வளவுதான். அமெரிக்கா இல்லை, செமஸ்டர் இல்லை, விடுமுறை இல்லை. சபையில் யாருக்கும் எதுவும் தோன்றியிருக்காது. எனக்கு மட்டும் கண் நிறைந்து, போதகர் இரண்டாகத் தெரிந்தார். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நேராகப் பார்த்தபடி, பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கம் கிடைக்காமல் முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

திரும்பும் வழியில் சங்கரசுப்பு அண்ணாச்சி கடையிலிருந்தே குரல் கொடுத்தார். “வாத்தியாரே, மகன் எப்பம் திரும்புதான்?”

“திரும்பித்தான் வந்திருக்கான் வே,” என்றார் அப்பா, நிற்காமலே.

கடை தாண்டியதும் நடை கொஞ்சம் தளர்ந்தது. என்னைப் பார்க்காமலே பேசினார்.

“எனக்கு வருத்தம் இல்லன்னு நெனச்சிராத. நெறைய இருக்கு.”

“அப்பா, நான் வந்து...”

“இப்பம் ஒண்ணும் சொல்லாண்டாம். என் வருத்தத்த நான் பாத்துக்கிடுதேன். நீ போயித் தூங்கு.”

வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். மத்தியானம் குக்கர் விசில் அடித்தது எனக்குக் கேட்கவில்லை.