எதிர்க்கரை

வெள்ளம் வடிந்த காலையில், தான் கட்டிய தடுப்புச் சுவரின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவள் நடந்து பார்த்தாள். விரிசல் இல்லை. அடியில் கொட்டியிருந்த கருங்கல்லும் சரியவில்லை. போன வெள்ளத்தில் பாலத்தின் அடி மண்ணை அரித்துக் குடைந்த ஆறு, இந்தத் தடவை சுவரில் மோதித் திரும்பியிருந்தது. திரும்பிய தண்ணீர் எங்கே போய் முட்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். பாலத்துக்குச் சற்றுக் கீழே, எதிர்க்கரையில், அண்ணனின் மரப்பட்டறை.

பொறியாளராக அவள் இரண்டு கரைக்கும் சேர்த்துத்தான் வரைந்து கொடுத்திருந்தாள். "முதல்ல பாலம் நிக்கட்டும்மா, அந்தக் கரையை அடுத்த வருஷம் பாப்போம்" என்று மேலதிகாரி பாதியை அடித்துவிட்டார். கேட்டுக் கேட்டு அவளுக்கே தன் குரல் சலித்துப்போனது. அண்ணனிடம் பட்டறையை மாற்றச் சொன்னாள். "ஆறு எங்கிட்ட சண்டைக்கு வந்ததே இல்ல, நீ மூட்டி விடாம இருந்தா சரி" என்று சிரித்தான். நேற்று நீர் ஏறியதும் வேலையாட்களை லாரியோடு அங்கே அனுப்பினாள். அவளால் சுவரை விட்டு நகர முடியவில்லை.

பாலத்தைக் கடந்து நடந்தாள். பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓர் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, "மேடம், பாலம் அசையவே இல்லையே" என்றார். தலையை மட்டும் ஆட்டினாள்.

பட்டறையில் பாதிதான் மிச்சம். அவள் அனுப்பிய ஆட்கள் காப்பாற்றிய அறுப்பு இயந்திரம் தார்ப்பாய்க்குள் சாலையோரம் இருந்தது. அடுக்கி வைத்திருந்த பலகைகள் அத்தனையும் போய்விட்டன. அண்ணி ஒரு துண்டை நீட்டிவிட்டு வீட்டுப் பக்கம் போனாள். அண்ணன் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"பாலம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணா."

"சுவரு?"

"அதுக்கும் ஒண்ணும் ஆகல."

அவன் உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "உன்னை என்னன்னு திட்டலாம்னு காலையிலேருந்து யோசிக்கிறேன். இன்னைக்கு அம்மாவுக்கு டயாலிசிஸ். பாலம் போயிருந்தா அக்கரை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு நினைச்சதும், வாயில வந்தது உள்ளேயே போயிடுது."

"திட்டிடேன்."

"அப்புறமா. இப்ப தெம்பில்ல."

அவள் அவன் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். எழுந்து போய் அம்மாவைக் கிளப்ப வேண்டும். இருவரும் எழவில்லை. கரையிலிருந்து ஒரு பாளம் மண் சத்தமில்லாமல் கழன்று ஆற்றில் இறங்கியது. அதன் மேலிருந்த புல் சாயாமல், நின்றபடியே, தண்ணீரோடு கொஞ்ச தூரம் போயிற்று.