முதல் அங்குலம் இல்லாத டேப்

பீரோ நுழையவில்லை.

அண்ணன் தோளைக் கொடுத்து முட்டினான். வேன் டிரைவர் காலால் உந்திப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். சுவர் நெடுக அடித்த மர அலமாரிகளுக்கு நடுவே, அம்மாவின் இரும்பு பீரோவுக்கென்றே விட்டிருந்த இடம் அது. அரை அங்குலம் பற்றாமல் பீரோவை வெளியிலேயே நிறுத்திவிட்டது.

அம்மா அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை.

"போதும், விடுங்க. இடமில்லைனு பீரோவே சொல்லுது. மனுஷங்க வாயால சொல்றதுக்கு முன்னாடி நான் கிளம்பறதுதான் மரியாதை."

அண்ணியின் முகம் சட்டென்று சுண்டிப்போயிற்று.

அப்பா போன பிறகு அம்மா அந்தப் பழைய வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். அண்ணன் சொந்த வீடு கட்டியதிலிருந்து வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் பிடி கொடுக்கவே இல்லை. போன மாதம் மாடிப்படியில் கால் இடறி விழுந்த பிறகுதான் இறங்கி வந்தாள். அதுவும் ஒரு நிபந்தனையோடு: அப்பா வாங்கிய பீரோ கூட வரவேண்டும். அண்ணி எப்போதோ ஒருநாள், "கதவே சரியா மூட மாட்டேங்குதே அத்தை, புதுசு வாங்கிடலாமே" என்று நல்லெண்ணத்தில் சொல்லித் தொலைத்திருந்தாள். அம்மா அதை மறக்கவில்லை. பீரோ இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் மற்ற சாமான்களை இறக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். கட்டிலும் தையல் மிஷினும் இன்னும் தெருவில், வேனுக்குள்ளேயே இருந்தன. பழைய வீட்டுச் சாவியையும் அவள் திருப்பித் தரவில்லை.

இன்றைக்குத் திரும்பிப் போனால் அம்மா இனி வரவே மாட்டாள். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

"நான் வேணும்னே சின்னதா அடிக்கச் சொன்னேன்னு நினைக்கிறீங்களா அத்தை?"

"நான் அப்படிச் சொன்னேனா? அளவு சொல்லுது."

அண்ணி போனை எடுத்துத் தச்சரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நானா ஒண்ணும் போடலை மேடம். பீரோ முப்பத்தஞ்சு இஞ்ச்னு சார்தான் சொன்னாரு. தாராளமா இருக்கட்டும்னு அரை இஞ்ச் கூட விட்டேன்."

"எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவாங்க," என்றாள் அம்மா, சுவரைப் பார்த்து.

அண்ணி மேசை இழுப்பறையிலிருந்து ஸ்டீல் டேப்பைக் கொண்டுவந்து பீரோவின் மேல் நீட்டினாள். முப்பத்தாறு. கீழேயும் அளந்தாள். அங்கேயும் முப்பத்தாறு. மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே போய் அளந்தீங்க? எவ்வளவு இருந்துச்சு?"

"முப்பத்தாறுதான் இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... ஒண்ணு கழிச்சேன்."

"எதுக்கு?"

அண்ணன் திருதிருவென்று விழித்தான். ஐம்பதைத் தாண்டியவன், ஒரு வங்கிக் கிளைக்கே மேனேஜர், ஹோம்வொர்க் செய்யாத பையனைப் போல நின்றான்.

"டேப்புனா... கழிக்கணும்ல?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். அவளுக்கு எங்கே தெரியும்? இது அவள் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு ரொம்ப முன்னால் நடந்த சங்கதி.

அம்மா அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். கழுத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் டேப் தொங்கும். அண்ணன் பள்ளியில் சேர்ந்த புதிதில், அது உருகுமா உருகாதா என்று பார்க்க, சூடான இஸ்திரிப் பெட்டியை அதன் நுனியில் வைத்துவிட்டான். நுனி சுருண்டு கருகிவிட்டது. அம்மா முதலில் அவன் முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, 'ஒன்று' என்று போட்டிருந்த கோட்டோடு சரியாக வெட்டிவிட்டு, மிச்சத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"புதுசு வாங்கிக்கோயேன்," என்றார் அப்பா.

"மிச்ச இஞ்செல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டு அளவுகள் எல்லாமே ஒன்றில்தான் தொடங்கின. எதை அளந்தாலும் வருவதில் ஒன்றைக் கழிக்க வேண்டும். அம்மா டேப்பைப் பிடிப்பாள், நான் எண்ணைப் படிப்பேன், "ஒண்ணு கழிச்சுக்கோ" என்று அவளே முடித்து வைப்பாள். தைக்க வரும் பெண்களுக்கு இதில் அலாதி சந்தோஷம். "அக்கா, உங்க டேப்லதான் என் இடுப்பு குறையுது!" என்பார்கள்.

பிறகு அது டேப்போடு நிற்கவில்லை. சித்தப்பா வந்து பெருமை அடித்துவிட்டுப் போனால், "அவன் சொல்றதுல ஒண்ணு கழிச்சுக்கோ" என்பார் அப்பா. அவரே "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று கிளம்பினால், "இதுல மட்டும் கூட்டிக்கணும்" என்பாள் அம்மா.

பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் வாத்தியார் வெர்னியர் என்ற அளவுக்கருவியைக் கையில் கொடுத்தார். தாடைகளை மூடினால் சுழியும் சுழியும் நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அது சுழிப்பிழை. அளந்த பிறகு அதைக் கழிக்க வேண்டும் என்றார். வகுப்பே பேய் அறைந்தது போல உட்கார்ந்திருந்தது. நான் மட்டும் எழுந்து, ஏன் கழிக்க வேண்டும் என்று கடகடவென்று சொன்னேன்.

"எப்படிம்மா தெரியும்? டியூஷனா?"

"இல்ல சார். எங்க வீட்டு டேப்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். படிப்பு முடிகிற வரை என் பெயர் 'மைனஸ் ஒன்'.

எங்கள் வீட்டில் பாடம் எல்லாமே புத்தகத்துக்கு முந்தியே நடந்துவிடும். வெள்ளையடிக்கும்போது இதே பீரோவை நகர்த்துவோம். நான் ஒரு பக்கம், அண்ணன் எதிர்ப் பக்கம், முகம் சிவக்கத் தள்ளுவோம். பீரோ அசையாது. "ரெண்டு பேரும் ஒரே பக்கம் வாங்க. அது பாவம், எந்தப் பக்கம்தான் போகும்?" என்பார் அப்பா. நிற்பதைக் கிளப்பத்தான் பலம் வேண்டும், கிளம்பிவிட்டால் கொஞ்சம் போதும் என்பதும் அப்போது கற்றதுதான். அம்மாவைக் கிளப்ப நாங்கள் பட்ட பாட்டுக்கு பீரோ எவ்வளவோ தேவலை.

இதையெல்லாம் நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ யோசித்தாள். திடீரென்று விறுவிறுவென்று ஹாலுக்குப் போனாள். போன வேகத்தில் அங்கிருந்தே கத்தினாள்.

"அடப்பாவி மனுஷா! இங்க வாங்க!"

எல்லோரும் ஓடினோம். அம்மாவும்தான்.

ஜன்னல் திரைச்சீலை மேலிருந்து தரை வரை நீளமாகத் தொங்கியது. இல்லை, தரை வரை தொங்கவில்லை. ஒரு அங்குலம் மேலேயே நின்றது.

"இதையும் நீங்கதானே அளந்தீங்க?"

"ஆமா..."

"கழிச்சீங்களா?"

அண்ணன் திரைச்சீலையின் நுனியைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தான்.

"கடைக்காரனை நடு ரோட்டுல நிக்க வச்சுக் கிழிச்சேனே! துணியைத் திருடிட்டான்னு சொன்னேனே! அந்த ஆளு இப்போ என்னைப் பாத்தா எதிர்ப் பக்கம் போயிடறாரு!"

"நல்லவேளை, வீட்டை இன்ஜினியர் கட்டினாரு," என்றேன் நான்.

"நீ சும்மா இருடி!" என்றான் அண்ணன்.

அம்மா அடுத்த அறைக்குள் போனாள். பிறகு அதற்கடுத்த அறைக்கு. ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தாள். அண்ணன்-அண்ணி படுக்கையறை, பேத்தியின் அறை, எங்கும் அதே ஒரு அங்குலம். திரும்பி வந்து அண்ணியின் எதிரில் நின்றாள்.

"அன்னிக்கு இவன் பீரோவை அளக்கும்போது நான் மிஷின்லதான் உட்கார்ந்திருந்தேன். எண்ணை வாய்விட்டுப் படிச்சான். ஒண்ணு கழிச்சுக்கடான்னு பின்னாலருந்து நான்தான் சொன்னேன். அவன் கையில என்ன டேப்னு நான் திரும்பிப் பாக்கலை. உன்னைப் போய் சொல்லிட்டேன் பாரு."

"பரவால்ல அத்தை."

"என்ன பரவால்ல? மூஞ்சி இன்னும் இப்படி இருக்கு."

அண்ணிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது, துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கே தச்சரை வரச்சொல்லி ஒரு பலகையை இழைக்கச் சொல்றேம்மா," என்றான் அண்ணன் அவசரமாக.

"அளவை உன் பொண்டாட்டி சொல்லட்டும். நீ வாயைத் திறக்காதே," என்றாள் அம்மா. பிறகு அண்ணியைப் பார்த்து, "இந்தத் திரைச்சீலை மடிப்புக்குள்ள துணி இருக்கு. பிரிச்சு இறக்கித் தெச்சா தரையைத் தொடும். எல்லா ஜன்னலையும் முடிக்க ஒரு நாள்ல ஆகாது" என்றாள்.

"மெதுவாவே தைங்க அத்தை."

வாசலில் டிரைவர் பொறுமை இழந்து ஹாரன் அடித்தார். அம்மா வெளியே எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, இன்னும் என்ன வேடிக்கை? மிஷினை இறக்கு!" என்று அவரையே அதட்டினாள்.

டிரைவரும் அண்ணனும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ஹால் நடுவில் நின்றார்கள். எங்கே வைப்பது?

"உனக்கு எங்க இடைஞ்சல் இல்லையோ, அங்க போடச் சொல்லு," என்றாள் அம்மா அண்ணியிடம்.

"இங்கேயே ஜன்னலோரமா போடுங்க. எதிர்லதான் டிவி. சீரியல் பாத்துக்கிட்டே தைக்கலாம்," என்றாள் அண்ணி.

"சீரியல் பாத்துக்கிட்டேவா? துணிக்குப் பதிலா விரலைத்தான் தைப்பேன்."

"அப்போ நான் பாத்து உங்களுக்குக் கதை சொல்றேன்."

"ஐயோ, சீக்கிரம் சொல்லுங்க, கை விட்டுப்போகுது!" என்றார் டிரைவர்.

அம்மா சோபாவைக் கொஞ்சம் தள்ளச் சொன்னாள். அண்ணியும் நானும் ஒரே பக்கம் நின்று தள்ளினோம்.