திரைக்கு வெளியே ஒரு திறப்புரை

"எங்க நோவுது ராத்தா?" என்று ஸப்னா கேட்டதற்கு, திரைக்கு வெளியே கதிரையில் இருந்த காலிதீன் ஹாஜியார்தான் பதில் சொன்னார்.

"வலப்பக்கம். கண்ணுக்கு மேலால ஏறி பிடரிக்கி இறங்கும். பதினொரு வருஷம். கொழும்புல ரெண்டு ஸ்கேன்."

கட்டிலில் மல்லாந்து கிடந்த அவர் மனைவி நபீலா கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய ஒற்றைத் தலையிடியை இத்தனை காலமும் எடுத்துச் சொல்லிவந்தது அவர்தான். கல்முனையில் அது அவருடைய சாதனைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தது.

ஸப்னா, மருந்து மாத்திரை இல்லாமல் விரல்களால் தசையை இளக்கி நோவைத் தணிப்பவள். இரண்டு வருஷம் வீடுவீடாய்ப் போய்ப் பெண்களின் கழுத்தைப் பிடித்துவிட்டவளுக்கு, தம் கட்டடத்து மேல்மாடியில் இந்த அறையைத் தந்தவர் ஹாஜியார். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மேடையில் தம் மனைவி பூரண சுகம் பெற்ற செய்தியை அவரே அறிவிப்பார். இன்று செவ்வாய். "சுகமாகாட்டி?" என்று ஸப்னா ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "ஆகும். பேச்சுல எழுதியாச்சி" என்றார். அறையின் சாவி இன்னும் அவர் கொத்தில்தான் இருந்தது.

நபீலாவின் தலையை இரு கைகளிலும் ஏந்தி, மண்டை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் விரல்நுனிகளை வைத்துக் காத்திருந்தாள். தசை மெல்ல இளகி வரும் நேரத்தில் வெளியே தொண்டை செருமும் சத்தம்.

"அவையோரே, இக்கரையோர மண்ணின் மகத்தான மருத்துவ வரலாற்றில்..."

விரலடியில் தசை கயிறாய் முறுகியது. தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தாள். ஹாஜியார் தண்ணீர் குடிக்க நிறுத்தினார், இளகியது. "எனது அயராத முயற்சியினால்" என்று தொடர்ந்தார்; தாடை இறுகிப் பல் நெரிபடுவது ஸப்னாவின் காதுக்கே கேட்டது.

"ஹாஜியார், கொஞ்சம் கதைக்காம இரிக்கேலுமா?"

"மெதுவாத்தானே வாசிக்கன். நபீலாக்கு என்ட பேச்சு புடிக்கும். கேட்டுப் பாருங்க."

"ஓம்" என்றாள் நபீலா, கண்ணை மூடியபடி. தசை வேறு சொன்னது.

இதை எந்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதி யாரிடம் கொடுப்பது? சொன்னால் அறை போகும். சொல்லாவிட்டால் இந்தக் கழுத்து இப்படியே கிடக்கும். கடைசியில், எதை யோசித்தாளோ, குரலை உயர்த்திச் சொன்னாள்:

"ஹாஜியார், காலையில பேனர் கடையடியால வந்தன். விழா பேனர்ல உங்கட படம் கொஞ்சம் சின்னதாப் போயிரிக்கி போல."

வெளியே ஒரு கணம் வரலாறு நின்றது. கதிரை நகர்ந்தது. படிகள் தடதடத்தன. கீழே மோட்டார் சைக்கிள் உறுமியது.

நபீலா ஒரு கண்ணைத் திறந்தாள். "மெய்யாவா?"

"இல்ல ராத்தா."

கட்டில் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பு. "கதவளவுக்கு அடிக்கச் செல்லிரிக்காரு" என்றாள். பிறகு சிரிப்பு அடங்கி, முகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தலையிடி வந்தா அறையப் பூட்டிட்டுப் படுப்பன். அப்ப மட்டும் அவர் உள்ளுக்கு வரமாட்டாரு. நீங்க சுகமாக்கினா, நான் எங்க போய்ப் படுக்கிற?"

ஸப்னா படித்த பாடத்தில் இந்தக் கேள்வி வரவில்லை. மறுபடி பிடரியைத் தாங்கிக்கொண்டாள். வீதியில் மீன்காரனின் ஹாரன் போனது. கையில் இருந்த தலையின் பாரம் கூடிக்கொண்டே வந்தது, மூச்சு நீண்டது. நபீலா தூங்கியிருந்தாள்.

அரை மணித்தியாலத்தில் ஹாஜியார் திரும்பிவிட்டார். பின்னால் இருவர் பேனரை விரித்துப் பிடித்தபடி படியேறினார்கள். படம் இப்போது இரண்டு கதவளவு. அதற்கு இடம்விட்டு, கீழே இருந்த ஸப்னாவின் பெயர் காணாமல் போயிருந்தது.

"நபீலா, இஞ்ச வந்து பாரு..."

திரையை விலக்கி வந்த ஸப்னா வாசலில் குறுக்கே நின்றாள். எண்ணெய் மினுங்கும் விரலை உதட்டில் வைத்தாள். விரல் இறங்கவில்லை. ஹாஜியாருக்கு முன்னால் அப்படியொரு விரலை ஊரில் எவரும் இதுவரை உயர்த்தியதில்லை.

உள்ளே ஒரு மெல்லிய குறட்டை எழுந்து அடங்கியது. பேனர் பிடித்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவே ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது ஹாஜியாரின் முகம். அதற்கு முன்னால், கடைசிப் படியில் ஒரு காலை வைத்தபடி, திறந்த வாயோடு அவர் நின்றார்.