பதினொரு வீடுள்ள இஞ்சிக் காடு

ருக்குமணிக்கு வந்த கடிதத்தில் அவளுடைய இஞ்சிக் காட்டைப் புதர் என்று எழுதியிருந்தார்கள். ஒரு தடவை எழுதியிருந்தால் கை தவறிவிட்டது என்று விட்டிருப்பாள். மூன்று இடத்தில் எழுதியிருந்தது. வானத்திலிருந்து எடுத்த படத்தைக் கம்ப்யூட்டர் பார்த்ததாம், அங்கே விவசாயம் நடப்பதாகவே அதற்குத் தெரியவில்லையாம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஓர் அதிகாரி வந்து மறுபடியும் ட்ரோன் விட்டுப் பார்ப்பார். அப்போதும் புதராகவே இருந்தால் லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது, நிலம் வேறொருவருக்குப் போகும் என்று சொல்லி, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்று கடிதம் மரியாதையாக முடிந்திருந்தது.

தேயிலைத் தோட்டத்தின் விளிம்பில் சரிந்து கிடக்கும் அந்தச் சின்னத் துண்டு நிலம், அவள் அப்பா காலத்தில் தற்காலிக லைசென்ஸில் வந்தது. வருஷா வருஷம் புதுப்பித்துப் புதுப்பித்து அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. குடியிருக்கும் லைன் வீடு தோட்டத்துடையது. ருக்குமணியின் பெயரில் இந்த உலகத்தில் இருப்பது அந்தச் சரிவு ஒன்றுதான்.

கணவர் சாம்பசிவம் கடிதத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடி இல்லாமலேயே பயந்தார். முப்பத்தொரு வருஷம் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். மேலேயிருந்து ஒரு காகிதம் வந்தால் அதை நம்புவதற்கென்றே பிறந்த மனிதர்.

"ஆபீஸ்ல சும்மா எழுதுவாங்களா ருக்கு? ஏதாச்சும் இருக்கும்லா."

"இருக்கு. இஞ்சி இருக்கு."

"இல்ல, கம்ப்யூட்டரே சொல்லுதுன்னா..."

"அந்தக் கம்ப்யூட்டரு ஒரு நாளாவது இஞ்சி நட்டிருக்கா? கேட்டுச் சொல்லுங்க."

கம்ப்யூட்டரைக் குறை சொல்லியும் பயனில்லை. மேலேயிருந்து பார்த்தால் இஞ்சி இலையும் தரிசில் மண்டும் லாலாங் புல்லும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். அதோடு ருக்குமணி நிலத்தை உழுவதில்லை, செதுக்குவதில்லை. பாத்தி முழுக்க ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த புல்லைப் பரப்பி மூடிவைத்திருக்கிறாள். குழாய் கிடையாது, பம்பு கிடையாது. மழை பெய்தால் குடிக்கும், பெய்யாவிட்டால் புல்லுக்கடியில் இருக்கும் ஈரத்தில் காலம் தள்ளும். சுத்த மானாவாரி. எதிர்ச் சரிவில் இருக்கும் தேயிலையும் மானாவாரிதான், ஆனால் தேயிலையைப் பார்த்து நீ புதரா என்று கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி மூடிவைக்கச் சொன்னதே சர்க்கார்தான். அவள் அப்பா காலத்தில் நிலத்தில் ஒரு புல் தலைகாட்டக் கூடாது என்றார்கள். அப்பா சுரண்டிச் சுரண்டி நிலத்தைத் தரை மாதிரி வைத்திருந்தார். நிலம் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் போனது. பிறகு படிக்கட்டு வெட்டச் சொன்னார்கள், வெட்டினார்கள். அப்புறம் வந்தது பிளாஸ்டிக் காலம். இந்த மலையில் மழை அதிகம், காய்கறிக்கு ஆகாது, கூரை போடு என்றார்கள். கூரை போட்டதும் உள்ளே மழை விழவில்லை. ஆகவே ஓடையிலிருந்து குழாய் போடு என்றார்கள். குழாயில் தண்ணீர் வீணாகிறது, சொட்டு சொட்டாக விடு என்றார்கள். இப்போது அந்தச் சொட்டைத் திறந்து மூடக் கைப்பேசி வேறு. பக்கத்து நிலத்தில் காய்கறிக் கெபுன் போட்டிருக்கும் மகேன் எட்டு பிளாஸ்டிக் கூடாரம் வைத்திருக்கிறான். மழை கொட்டோ கொட்டென்று கொட்டும் ஊரில் சொந்தமாக ஒரு பாலைவனத்தைக் கட்டி, அதற்குக் கைப்பேசியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

மலையெல்லாம் பிளாஸ்டிக் ஆனபிறகு இன்னோர் இலாகா விழித்துக்கொண்டது. ஆறு வருஷத்துக்கு முன்பு இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். மண்ணைக் கிளறாதே, காய்ந்த புல்லால் மூடு, மழையை நம்பு என்றார்கள். நாற்பது பேர் போய் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். சொன்னபடி செய்தவள் ருக்குமணி ஒருத்திதான். இன்று மாட்டிக்கொண்டு நிற்பவளும் அவள்தான்.

புதன்கிழமை காலையில் அந்த வகுப்பில் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, பஸ் பிடித்துத் தானா ராத்தா டவுனுக்குப் போனாள். எந்த ஆபீஸ் என்று சொல்வதற்கில்லை. சொன்னால் அடுத்த கடிதம் நமக்கு வரும். கவுண்டரில் இருந்த பெண் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வேற டிப்பார்ட்மெண்ட் கொடுத்தது ஆன்ட்டி. எங்க சிஸ்டத்துக்கு இதெல்லாம் தெரியாது."

"நான் சொல்றேன்லா, தெரிஞ்சுக்கட்டும்."

"நாளைக்கு ஆபீசர் வருவாரு, அவர்கிட்ட காட்டுங்க."

சரி, வரட்டும், புல்லை விலக்கி இஞ்சியை மூக்குக்கு நேரே காட்டுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே ருக்குமணி திரும்பி வந்தாள். மதியம் இரண்டு மணி இருக்கும். கெபுனுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையின் கடைசித் திருப்பத்தில் அவள் கால் அப்படியே நின்றுவிட்டது.

காடு பளபளவென்று இருந்தது. ஒரு புல் இல்லை, ஒரு சருகு இல்லை. கறுத்த மண்ணில் இஞ்சிச் செடிகள் வரிசை வரிசையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல நின்றன. படிக்கட்டின் ஓரக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தது. நடுவில் சாம்பசிவம் வாரியலும் கையுமாக, வேர்வை வழிய, பாராட்டை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். துரை வருகிறார் என்றால் முதல்நாளே லைனைக் கூட்டி, வாய்க்காலைக் கழுவி, கற்களுக்கு வெள்ளையடிக்க வேண்டும். துரை எதைப் பார்க்க வருகிறார் என்பது முக்கியமில்லை. பார்க்கிற இடம் சுத்தமாக இருக்கவேண்டும். சாம்பசிவத்தின் உடம்பில் அந்தப் பழக்கம் எலும்புவரை ஊறியிருந்தது.

"பாத்தியா ருக்கு? இனிமே வானத்துல இருந்து பாக்கட்டும், நிலாவுல இருந்து பாக்கட்டும். புதருன்னு ஒருத்தன் சொல்ல முடியாது."

"புல்லு எங்க?"

"அதெல்லாம் பள்ளத்துல தள்ளிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"சுத்தமா!"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இப்போது ட்ரோன் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இது விவசாய நிலம் என்று சொல்லிவிடும். ஆனால் ட்ரோன் வருவது நாளைக் காலை பத்துக்கு. மழை அதற்குமுன் வரும். பிரிஞ்சாங் பக்கம் மலை ஏற்கெனவே மேகத்தில் மறைந்துவிட்டது. ஆறு வருஷம் உழாமல் பஞ்சாய் வளர்ந்த மண், மூடி இல்லாமல் சரிவில் கிடந்தது. ஒரு மழை போதும். மண் போனால் இஞ்சி போகும், இஞ்சி போனால் அப்புறம் அது புதராக இருந்தால் என்ன, புஷ்பவனமாக இருந்தால் என்ன?

ருக்குமணிக்கு வந்த கோபத்துக்கு அந்த மனிதரையும் பள்ளத்தில் தள்ளியிருக்க வேண்டும். நேரமில்லாததால் தள்ளவில்லை. லைன் பக்கம் திரும்பி அடித்தொண்டையில் கத்தினாள்.

"யாரு வீட்டுல என்ன துணி இருந்தாலும் கொண்டாங்க! மழைக்கு முன்னாடி இத மூடணும்!"

அடுத்த முக்கால் மணி நேரம் கெபுனில் திருவிழாதான். பழைய சேலைகள் வந்தன, போர்வைகள் வந்தன, கோயில் பந்தல் துணி வந்தது. ருக்குமணி தன் பெட்டியிலிருந்த சேலைகளில் கூறைச்சேலையைத் தவிர மற்றதையெல்லாம் கொண்டுவந்து விரித்தாள். மகேன் முட்டைக்கோஸ் சாக்குகளைத் தலையில் சுமந்து ஓடிவந்தான். கூடவே போன தேர்தலில் வேலியில் கட்டியிருந்த பேனர் ஒன்றையும் அவிழ்த்து வந்தான். வேட்பாளரின் சிரித்த முகம் மூன்றாம் படிக்கட்டில் மல்லாந்து படுத்து, முதன்முறையாக மக்களுக்கு உபயோகப்பட்டது.

"அக்கா, பிளாஸ்டிக்கும் இருக்கு, வேணுமா?"

"வேணாண்டா தம்பி. தண்ணி மண்ணுக்குள்ள இறங்கணும். மண்ணுதான் வெளிய போகக் கூடாது."

எல்லாம் போட்டும் அடிவரிசை மூலைக்குத் துணி பற்றவில்லை. மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் வீட்டுக்கு ஓட, சாம்பசிவம் மட்டும் குடையோடு அந்த மூலையில் நின்றார். அவர் கண்ணெதிரே மண் தேத்தண்ணி நிறத்தில் கரைந்து, வாய்க்காலில் விழுந்து, வளைந்து, தோட்டத்துப் பக்கம் போனது. இஞ்சிக் கிழங்குகள் விரல் விரலாக வெளியே தெரிந்தன. முப்பத்தொரு வருஷம் இந்த மலையில் மழை பார்த்தவர்தான், ஆனால் எல்லாம் லோரிக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்தது. மழை விட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். தேங்கிய சேற்றை அள்ளி அள்ளி மேலே கொண்டுவந்து கிழங்குகளை மூடினார். பள்ளத்தில் தள்ளிய புல்லில் கைக்கு எட்டியதை இழுத்துவந்து அந்த மூலையில் பரப்பினார். இருட்டும்வரை அதே வேலையாக இருந்தார். ருக்குமணி கோபத்தில் அவரோடு பேசவில்லை.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு அதிகாரி வந்தார். தினேஸ்வரன் என்று பெயர், இருபத்தாறு வயது, குவாந்தானிலிருந்து மாற்றலாகி வந்தவர். மலைப்பாதையில் காலில் வெள்ளைச் சப்பாத்து போட்டு வந்ததிலேயே ஊருக்குப் புதிது என்று தெரிந்தது. பாதையோரம் நின்றபடி ட்ரோனை மேலே விட்டார். அது வண்டு மாதிரி இரைந்துகொண்டு ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியது. கையிலிருந்த பலகையில் விரலால் தேய்த்துப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"ஆன்ட்டி, இப்ப புதருன்னு காட்டல."

"அப்பாடா."

"குடியிருப்புன்னு காட்டுது. பதினொரு வீடு இருக்காம்."

துணிகளையும் சாக்குகளையும் இயந்திரம் கூரை என்று எண்ணியிருக்கிறது. வேட்பாளரின் பேனர் அதற்குப் பெரிய வீடாகத் தெரிந்ததாம். அனுமதியில்லாமல் பதினொரு வீடு என்றால் அதற்கு நிரப்ப ஒரு தனிப் பாரம், தனி விசாரணை. ருக்குமணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சான்றிதழை நீட்டினாள். தினேஸ்வரன் அதை அனுதாபத்தோடு படித்துத் திருப்பிக் கொடுத்தார். கெட்டவர் இல்லை. குரலைத் தணித்து ஒரு வழியும் சொன்னார்.

"அங்கிள், இந்தத் துணியெல்லாம் எடுத்துருங்க. கீழ செடி வரிசையா இருக்குல்ல, அது தெரிஞ்சா போதும். பத்து நிமிஷத்துல மறுபடி விடறேன். சிஸ்டம் பாஸ் பண்ணிடும், நான் போயிட்டே இருப்பேன். அப்புறம் நீங்க என்ன வேணா போட்டு மூடிக்குங்க."

வானம் இருண்டுகொண்டு வந்தது. பத்து நிமிஷம் என்பது நனைந்த துணிகளையெல்லாம் எடுத்து, ட்ரோனைப் பறக்கவிட்டு, மறுபடி விரிக்க ஒரு மணி நேரம் என்று ருக்குமணிக்குத் தெரியும். இருந்தாலும் மனசு ஆடிப்போனது. லைசென்ஸ் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. ஒரு மூலை மண் போனால் போகட்டுமே, நிலமே போவதைவிட அது பரவாயில்லையே என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள். கணவர் முதல் சேலையை உருவ ஏற்கெனவே குனிந்துவிட்டிருந்தார். அவள் அவரைத் தடுக்கவில்லை.

சாம்பசிவம் சேலையை உருவவில்லை. காற்றில் தூக்கிக்கொண்டிருந்த அதன் ஓரத்தில் ஒரு கல்லை எடுத்து வைத்தார்.

"முடியாது தம்பி."

"அங்கிள்?"

"முடியாது. நேத்து நான்தான் எடுத்தேன். சுத்தமா இருக்கட்டும்னு எடுத்தேன். மழை வந்துச்சு, என் கண்ணு முன்னாடி மண்ணு எந்திரிச்சு நடந்து போச்சு. வாளியில அள்ளுனா பாதிகூட திரும்பி வரல." அவர் இன்னொரு கல்லை எடுத்து அடுத்த ஓரத்தில் வைத்தார். "ஒங்க மிசினு மேல நின்னு பாக்குது. நீங்க குனிஞ்சு பாருங்க. இஞ்சியா இல்லையான்னு கையால தோண்டிப் பாத்து எழுதுங்க."

"சிஸ்டத்துல அதுக்கு இடமில்ல அங்கிள்."

"சிஸ்டத்துக்கு முன்னாடி எதுல எழுதினீங்க?"

தினேஸ்வரன் அவரையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே ரோட்டில் நின்ற காருக்குப் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே ருக்குமணி நினைத்தாள். அவர் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழைய காகிதப் பாரத்தை இழுத்துக்கொண்டு வந்தார். அதிகாரி நேரில் பார்த்து எழுதினால் கம்ப்யூட்டர் சொன்னது செல்லாது என்று அதில் மூன்றாவது விதி இருந்ததாம். விதி இருப்பது எல்லோருக்கும் தெரியும், மண்டியிடத்தான் யாருக்கும் மனசு வந்ததில்லை.

வெள்ளைச் சப்பாத்தோடு தினேஸ்வரன் மண்டியிட்டார். வேட்பாளரின் காதைத் தூக்கி, அதற்கடியில் கையை விட்டுத் தோண்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழங்கு வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"இஞ்சிதான்."

"பின்ன?" என்றாள் ருக்குமணி.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாரத்தில் ஒரு கேள்வி. குழாய், பம்பு, தொட்டி என்று கட்டங்கள் இருந்தன. மழைக்குக் கட்டம் இல்லை. அவர் மற்றவை என்ற கட்டத்தில் மழை என்று எழுதி, வீடுகள் பூஜ்யம் என்றும் எழுதி, சேறான விரலோடு கையெழுத்துப் போட்டார்.

"இன்னும் ஒரு வருஷம் ஓடும் ஆன்ட்டி. அடுத்த வருஷம் மறுபடி மிசின் வரும்."

"வரட்டும். நீங்களும் வாங்க. நல்ல சப்பாத்து போடாம வாங்க."

கீழே ரோட்டில் கார் மறைந்ததும் சாம்பசிவம் படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஆபீசர்கிட்டயே முடியாதுன்னு சொல்லிட்டேன் ருக்கு. அவரு மனசுல ஏதும் வச்சுக்குவாரா?"

ருக்குமணி நேற்று மதியத்திலிருந்து அவரோடு பேசியிருக்கவில்லை. இப்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர்மேல் அவளுக்கு இவ்வளவு பிரியம் வந்து வெகுநாளாகியிருந்தது. சொல்லவும் சொன்னாள்.

"வச்சுக்கட்டும். எனக்கு இன்னைக்கு ஒங்கள ரொம்பப் புடிச்சிருக்கு."

அவர் கூச்சத்தில் எழுந்துவிட்டார். மழை விழ ஆரம்பித்தது, பொட்டுப் பொட்டாக, பிறகு ஒரே இரைச்சலாக. வீட்டுக்கு வாங்க என்று அவள் கூப்பிடக் கூப்பிட, மனிதர் குடைகூட எடுக்காமல் அடிவரிசை வாய்க்காலுக்கு இறங்கிப் போனார். அங்கே குந்தி உட்கார்ந்து, ஓடும் தண்ணீரைக் கையில் ஏந்தி, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு லைன் முழுக்கக் கேட்கும்படி மேலே பார்த்துக் கத்தினார்.

"ருக்கு! தண்ணி தெளிவா போகுது! மண்ணு வரல!"

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைப் பார்க்கக் கீழே இறங்கினாள்.