பிஸ்கட் டப்பாவில் ஒரு ஜெபக்குறிப்பு

வாயில் ஆறு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்ததால் தையல்காரியால் பேச முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். முக்காலியின் மேல் நின்றிருந்த அக்கா மகள் வெள்ளைக் கல்யாண அங்கிக்குள் பாதியும் கனவுக்குள் மீதியுமாக இருந்தாள்.

"சித்தி, இடுப்புல இன்னும் கொஞ்சம் பிடிக்கலாமா?"

தையல்காரி தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவருக்குக் கையில வேற காயம். கிடங்குல பெட்டி ஆணி கிழிச்சிடுச்சாம். பெரிய கட்டு. கல்யாண போட்டோவுல தெரியுமோன்னு எனக்கு ஒரே கவலை."

ஒரு குண்டூசி தையல்காரியின் உதட்டைக் குத்தியது. ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள், வெள்ளைத் துணியில் படாமல். தொழில் பழக்கம்.

பெண் உடை மாற்றத் திரைக்குப் பின்னால் போனாள். ஊசிகளை டப்பியில் துப்பிவிட்டுத் தையல்காரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"கேட்டியாக்கா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"நாளைக்கு மத்தியானம் கூட்டத்துக்கு வா. அவங்க அம்மாவும் வர்றாங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடும்." அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "இடுப்பை ரொம்பப் பிடிச்சிடாத. அப்புறம் அவளால உட்கார முடியாது."

பத்து நாளைக்கு முன் நடந்தது இதுதான். தையல்காரியின் மகள் ஒரு துணிக் கிடங்கில் சரக்குப் பதிவு செய்கிற வேலையில் இருந்தாள். அந்தக் கிடங்கின் மேலாளர், அவர்களுடைய திருச்சபை மூப்பரின் மகன். அக்காவுக்கு வரப்போகிற மருமகன். வேலை வாங்கிக் கொடுத்ததும் அந்த வழியில்தான். ஒரு மத்தியானம் அவன் சரக்கறையின் கதவை உள்ளிருந்து தாழிட்டான். பெண் அவன் கையைக் கடித்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து வேலைக்கும் போகவில்லை, வாசலுக்கும் வரவில்லை.

தையல்காரி இதைச் சொன்னது ஒரே ஒருத்தியிடம். அக்கா என்பது ஒரு காரணம். அந்த அக்காவின் மகள்தான் அவனுக்குக் கழுத்தை நீட்டப் போகிறாள் என்பது இன்னொன்று. கேட்டு முடித்ததும் அக்கா அழுதாள், தங்கையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீ யார்கிட்டயும் வாயத் திறக்காத. நான் நேர்ல கேக்கறேன். அதுவரைக்கும் ஆண்டவர்கிட்ட வைப்போம்" என்றாள். ஆண்டவரிடம் வைத்தது பத்திரமாக இருக்கும் என்று தையல்காரி நம்பினாள். கொண்டுபோய் வைக்கிற கையைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

அக்கா வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் வேத பாடம். படித்த பகுதியை அவரவர் தங்கள் பிழைப்போடு பொருத்திச் சொல்ல வேண்டும். பிறகு ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் ஜெபக்குறிப்பு எழுதி, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, குலுக்கி எடுப்பார்கள். கைக்கு எது வருகிறதோ அதை உரக்க வாசித்து, அதற்காக ஜெபிக்க வேண்டும். சீட்டில் பெயர் எழுதக் கூடாது. எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவும் கூடாது. இரண்டாவது விதியை இதுவரை யாரும் கடைப்பிடித்ததில்லை. மூன்றாவதாக ஒன்று: ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவளே அக்காதான். அவளுடைய ஜெபங்கள் நீளமானவை.

மறுநாள் ஏழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். மூப்பரின் மனைவிக்கு மட்டும் மெத்தை போட்ட நாற்காலி. அன்றைய பாடம், விபசாரத்தில் பிடிபட்டாள் என்று ஒரு பெண்ணை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, எல்லோரும் கல்லும் கையுமாக நின்ற கதை. உங்களில் பாவமில்லாதவன் முதல் கல்லைப் போடட்டும் என்று இயேசு சொன்னதும், பெரியவர்கள் தொடங்கி ஒவ்வொருவராக நழுவிப் போய்விடுகிறார்கள்.

"இந்தக் காலத்துல கல்லுக்குப் பதிலா போன்" என்றாள் மருந்துக்கடைக்காரம்மா. "கட்டை விரலாலயே ஆளை அடிச்சிடறாங்க. எங்க தெருவுல ஒரு பொண்ணைப் பத்தி வந்துச்சு பாருங்க... இருங்க, காட்டறேன்."

"அனுப்பியே விடுங்க, வீட்ல போய்ப் பாக்கறேன்" என்றாள் பக்கத்திலிருந்த பஸ் டிரைவரின் மனைவி.

எல்லோரும் தலையாட்டினார்கள். கல்லெறிவது தப்பு என்பதில் அந்த அறையில் இரண்டாம் கருத்தே இல்லை.

தையல்காரி கேட்டாள்: "அந்த ஆம்பள எங்க?"

"எந்த ஆம்பள?" என்றாள் அக்கா.

"அந்தத் தப்பை அவ ஒருத்தியா செஞ்சிருக்க முடியாதே. அவளை மட்டும் இழுத்துட்டு வந்திருக்காங்க. அவன் எங்க போனான்?"

"வேதத்துல இல்லாததையெல்லாம் நாம ஏன் கேக்கணும்?" என்று சிரித்துக்கொண்டே அக்கா டப்பாவை எடுத்துக் குலுக்கினாள்.

முதலில் டிரைவரின் மனைவிக்கு யாருடைய மகனோ எழுதப்போகிற பரீட்சை வந்தது. அவனுக்கு ஞானம் வேண்டி, கூடவே கேள்வித்தாள் சுலபமாக இருக்கவும் வேண்டிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரம்மாவுக்கு ஒரு வீட்டுக்காரர் தகராறு. அடுத்து டப்பா தையல்காரியிடம் வந்தது.

சீட்டைப் பிரித்தாள். பார்த்ததுமே எழுத்து தெரிந்தது. 'ழ'வின் வாலை அப்படி நீட்டி விடுகிறவள் அந்தக் குடும்பத்தில் ஒருத்திதான். சின்ன வயதில் பள்ளிக்கூட நோட்டில் தங்கைக்காகக் கையெழுத்துப் போட்டு, அடியிலிருந்து அவளைக் காப்பாற்றிய கை அது.

"சத்தமா வாசிம்மா" என்றாள் மூப்பரின் மனைவி.

அக்கா அப்போதுதான் சீட்டு யார் கையில் போயிருக்கிறது என்று பார்த்தாள். வேறு யாராவது வாசிப்பார்கள், தங்கை தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வாள் என்பதுதான் அவள் போட்டிருந்த திட்டம். "இங்க கொடு, நான் வாசிக்கிறேன். உனக்குக் கண்ணாடி இல்லையே" என்று கை நீட்டினாள்.

"ஊசியில நூல் கோக்கற கண்ணுக்கா" என்றாள் தையல்காரி. வாசித்தாள்.

"எங்களில் ஒருவருடைய மகள், வேலை செய்த இடத்தில் நல்ல குடும்பத்துப் பிள்ளையை மயக்கப் பார்த்து, அது பலிக்காமல் அவர் மேல் பழி சொல்லுகிறாள். அவள் மனந்திரும்பவும், நடக்கவிருக்கும் சுபகாரியம் அவளால் தடைபடாமல் இருக்கவும்."

"ஆமென்" என்றாள் மருந்துக்கடைக்காரம்மா, பழக்க தோஷத்தில்.

தையல்காரி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா தரை விரிப்பின் பூவேலைப்பாட்டை இப்போதுதான் முதல்முறை பார்ப்பவள் போல ஆராய்ந்துகொண்டிருந்தாள். மூப்பரின் மனைவிதான் நேராகப் பார்த்தாள், ஒரு காரியம் ஒழுங்காக முடிந்த திருப்தியோடு. அப்படியானால் இந்த வாசகம் அக்கா மட்டும் யோசித்து எழுதியதல்ல.

"ஜெபிக்கணும்ல? ஜெபிக்கிறேன்" என்றாள் தையல்காரி. "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க."

மூடினார்கள். வேறென்ன செய்ய முடியும்?

"ஆண்டவரே, இந்தச் சீட்டுல இருக்கறது என் பொண்ணு. அவளுக்கு என்ன நடந்துச்சுன்னு உமக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியாது, அதனால சொல்றேன்..."

"தங்கச்சி!" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

"ஜெபத்துல குறுக்க பேசக் கூடாதுக்கா." தையல்காரியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "கிடங்குல மேலாளர் சரக்கறைக் கதவைத் தாழ் போட்டார், ஆண்டவரே. இங்க நாற்காலியில உட்கார்ந்திருக்கற அம்மாவோட பையன்தான் அந்த மேலாளர். என் பொண்ணு அவர் கையைக் கடிச்சுட்டு ஓடி வந்தா. ஒரு செருப்பு இன்னும் அங்கதான் கிடக்கு. இதை நான் எங்கக்காகிட்ட மட்டும் சொன்னேன். அவ உம்ம கிட்ட சொல்றேன்னா. எப்படிச் சொல்லியிருக்கான்னு நீரே பாரும். உம்ம கதையிலயும் ஆம்பளையைக் கூட்டிட்டு வரல. இங்கயும் கூட்டிட்டு வரல..."

"சித்தி."

குறுக்கே பேசியது அக்கா மகள். சமையலறைக் கதவை ஒட்டி, தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்களே.

"எந்தக் கை, சித்தி?"

தையல்காரி கண்ணைத் திறந்தாள். "இடது கை. கட்டை விரலுக்குக் கீழ, மணிக்கட்டுப் பக்கம். மேல நாலு பல்லு, கீழ நாலு பல்லு."

"அவர் ஆணின்னு சொன்னார்."

"ஆணிக்கு ஏதும்மா ரெண்டு வரிசை? கட்டைப் பிரிச்சுக் காட்டச் சொல்லிப் பாரு."

"நான் நேத்தே கேட்டேன். காட்ட மாட்டேன்னுட்டார்." பெண் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

அக்கா வாயைத் திறந்தாள். "உன் நல்லதுக்குத்தான்டி. பத்திரிகை அடிச்சாச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் எல்லா ஆம்பளையும் திருந்தி..."

"நீ கல்யாணம்னு சொன்னது என்னை அந்த சரக்கறைக்குள்ள அனுப்பறதைத்தானா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டை ஜன்னல் மேடையில் வைத்தாள். நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று ஒரு கணம் தேடி, திறந்திருந்த பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டாள். சீட்டுகளின் மேல் விழுந்ததால் சத்தம் கேட்கவில்லை.

வேதக் கதையில் முதலில் எழுந்து போனவர்கள் வயதில் மூத்தவர்கள். இங்கே மூத்தவர்கள் ஒருவரும் அசையவில்லை. முதலில் வாசலைத் தாண்டியவள் எல்லோருக்கும் இளையவள். தையல்காரி கையிலிருந்த சீட்டை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு பின்னால் போனாள். அந்தக் கையெழுத்து நாளைக்கு வேறோர் இடத்தில் தேவைப்படலாம்.

தெருவில் வெயில் சுட்டது.

"தங்கச்சி வீட்லதான் இருக்காளா சித்தி?"

"இருக்கா. ஆனா யார் வந்தாலும் கதவைத் திறக்க மாட்டா."

"நான் வெளிய உட்கார்ந்துக்கறேன். திறக்கும்போது திறக்கட்டும்."

தையல்காரி அவள் தோளில் கை வைத்தாள். அதற்குள் பின்னால், திறந்திருந்த ஜன்னல் வழியாக, தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் வந்தது. டப்பா நகர்ந்துவிட்டது. அடுத்த சீட்டை யாரோ உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ முழங்கால் வலியாம்.