பதில் வராவிட்டால் 'இல்லை'

"டாக்டர் என்ன எழுதினாரோ அதை அப்படியே காட்டுங்க சார்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். டாக்டர்கள் கிறுக்குவதை ஏஐ படிக்கும். ஒழுங்கான கோரிக்கையாக மாற்றும். எந்த ஸ்கேன், மருந்து ஏற்ற வேண்டுமா என்று திட்டமும் போடும். அதைப் பார்த்து நான் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பொய் சொல்லக் கூடாது, பல டாக்டர்களைவிட நன்றாகவே எழுதும்.

இன்று 'உடலில் உலோகம்: இல்லை' என்று வந்திருக்கிறது. வெளியே ஸ்கேன் உடுப்போடு உட்கார்ந்திருப்பவரின் முன்கையெல்லாம் பொறி சுட்ட தழும்பு. கண்ணுக்குள் இரும்புத் தூள் இருந்து, எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்தம் அதை அசைத்துவிட்டால் பார்வையே போய்விடும்.

சூப்பர்வைசர் முணுமுணுத்தபடி திறந்து காட்டினார். டாக்டர் எழுதியிருந்தது: தலைவலி, வெல்டர், மூளை எம்.ஆர்.ஐ. உலோகம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே ஏஐ கேட்டிருந்தது: கண்ணில் உலோகத் துகள் பட்டதுண்டா? யாரும் பதில் சொல்லவில்லை.

"அப்ப 'இல்லை'ன்னு போட்டது யாரு?"

"நான்தான் அப்படி செட் பண்ணச் சொன்னேன். ஒவ்வொருத்தருக்கும் நைநைன்னு கேள்வி. மாமியார் தோத்துடுவா! பதில் வரலன்னா 'இல்லை'ன்னு போட்டுக்கும். வரிசை நகரணுமே."

வெளியே ஓடினேன். "அண்ணா, கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் விழுந்திருக்கா?"

"விழாம இருக்குமா தங்கச்சி?" என்று சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "போன வருஷம் ஒண்ணு எடுத்தாங்கம்மா. இன்னொண்ணு ஆழமா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டாங்க."

கண்ணைப் படம் எடுத்துப் பார்க்க அவர்களை எக்ஸ்ரே அறைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினேன்.

"அதான் தப்பிச்சிட்டார்ல? விடு," என்றார் சூப்பர்வைசர்.

"அந்த செட்டிங்கை மாத்துங்க சார். இதுவரைக்கும் ஸ்கேன் எடுத்தவங்களையும் கூப்பிட்டுக் கேக்கணும்."

"இந்த மாசம்தான் உன்னைப் பர்மனென்ட் பண்றதா இருக்கு. உங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நீ. அப்பா அம்மாவை நெனச்சுப் பாரு."

"எங்கப்பாவும் கூலி வேலைதான் சார். அவர்கிட்டயும் எந்த ஆஸ்பத்திரியிலயும் யாரும் எதுவும் கேட்டதில்ல."

"பேசாம அடுத்த ஆளைக் கூப்பிடும்மா."

திரையில் அடுத்த ஆளுக்கும் அதே 'இல்லை'. அதற்கடுத்த ஆளுக்கும்.

காந்த அறையைப் பூட்டினேன். சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏய், சாவியைக் குடுத்துட்டுப் போ! எங்க போற?"

தலைமை டாக்டரின் அறை மாடியில் இருக்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.